ஜெர்மன் வால்வு

பாண்டுரங்கன் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு வால்வு வாங்கி வந்திருக்கிறான் என்பது சசிகலாவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. கம்பெனி யூனிஃபார்மை ஊறப்போடும்போது சட்டைப் பையில் பில் இருந்தது. முதலில் மூவாயிரத்து எண்ணூறு என்று படித்தாள். அதற்கே வயிறு எரிந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தபோதுதான் இன்னொரு பூஜ்யம் கண்ணில் பட்டது.

அவன் முன்னறையில் பாட்டு செட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிடுவதற்கு முன்னால் அங்கேதான் உட்காருவான்.

"இன்னாங்க இது?" என்று வாசற்படியிலிருந்தே கேட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். எப்போதும் இப்படித்தான். கிட்டே போய் தோளைத் தட்டி பில்லை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"செட்டுல போடுற வால்வு," என்றான்.

"ரெண்டு பல்பு முப்பத்தெட்டாயிரமா?"

"பல்பு இல்ல சசி. பழைய ஜெர்மன் சரக்கு. அறுவது வருசத்துக்கு முன்னாடி செஞ்சது. இப்போ அந்தக் கம்பெனியே இல்ல."

"இல்லாத கம்பெனிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ துட்டு?"

அவன் செட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பணம் அவனுடைய தீபாவளி போனஸ். செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கும் மகள் கார்முகிலுக்கு லேப்டாப் வாங்க வைத்திருந்தது. சசிகலா அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அந்த செட்டில் அவன் கேட்பது ஒரே ஒரு கேசட். பென்னலூர் பஜனைக் கோயிலில் ஒரு மார்கழி விடியலில், டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவனே பதிவு செய்தது. ஏழெட்டுப் பேர் பாடுகிறார்கள். ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். கைத்தாளம் போடுவது அவனுடைய தம்பி சக்திகுமார். சக்திகுமாருக்குப் பாடக் கூச்சம், நாலு பேர் நடுவே பேசவும் கூச்சம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த இரண்டு பித்தளைக் கிண்ணங்களைத் தட்டும்போது மட்டும் அவனிடம் கூச்சம் இருக்காது. அதனால் கேசட்டில் எங்கும் அவன் குரல் கிடையாது. தாளம் மட்டும் உண்டு.

அவன் செத்துப் பதின்மூன்று வருடம் ஆகிறது. காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போனவன் மேல் ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரி ஏறியது. இருபத்தாறு வயது. வீட்டில் அவன் போட்டோ நான்கைந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் யாரோ அதட்டி நிற்கவைத்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறான். அது எதுவும் சக்தி மாதிரி இல்லை என்பான் பாண்டுரங்கன். அந்தக் கேசட்டில் கேட்கிற தாளத்தில்தான் தம்பி இருந்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால், வீட்டிலிருந்த டேப்ரெக்கார்டர் கெட்டுப்போனபோது, அதை ரிப்பேர் செய்யப் பாண்டுரங்கன் சென்னையில் ரிச்சி தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஏசுவடியான் கடைக்குப் போனான். அவர் கேசட்டைச் சோதித்துப் பார்க்கத் தாமே செய்து வைத்திருந்த ஒரு வால்வு செட்டில் போட்டார். கண்ணாடிக் குழாய்களுக்குள் கம்பி சிவந்து சூடேறியதும் பஜனை ஆரம்பித்தது. தாளம் கணீரென்று விழுந்தது. முதுகுக்குப் பின்னால் தம்பி நின்று தட்டுகிற மாதிரி இருந்ததாம். பாண்டுரங்கன் கடையிலேயே திரும்பிப் பார்த்துவிட்டான். அந்த மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்று சசிகலா சண்டை பிடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

இரண்டு வருடமாகத்தான் அந்தத் தாளம் மங்கத் தொடங்கியது. முதலில் கேசட் தேய்ந்துவிட்டதோ என்று நினைத்தான். மாடியில் குடியிருக்கும் நெல்லையப்பன் டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தான். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், முப்பது வயது, ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை. துடைத்தும் சரியாகவில்லை. பாண்டுரங்கன் ஏசுவடியானிடம் போனில் கேட்டான். "வால்வுன்னா வயசாவும்பா, மேல் ஒலி, அந்தச் சன்னமான சத்தம்லாம், மொதல்ல போவும்," என்றார் அவர். இரண்டாயிரம் ரூபாய்க்குப் புது வால்வு இரண்டு வாங்கிப் போட்டான். கொஞ்ச நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. மறுபடி மங்கல். அப்புறம்தான் அவர் கடையிலேயே இந்த ஜெர்மன் சரக்கு.

பில் கிடைத்த மறுநாள் சசிகலா மாடிக்குப் போனாள்.

"நெல்லையப்பா, நீ படிச்ச புள்ள. உண்மையச் சொல்லு. அந்த ரெண்டாயிர ரூபா வால்வுக்கும் இந்த முப்பத்தெட்டாயிர ரூபா வால்வுக்கும் இன்னா வித்தியாசம் கீது?"

அவன் தலையைச் சொறிந்தான். "மதினி, எங்க கம்பெனி மெஷின்ல வச்சு அளந்தா கடுகளவு வித்தியாசம் இருக்கும். காதுக்குத் தெரியுமான்னு கேட்டியன்னா... தெரியும்னு சத்தியம் பண்றவங்க இருக்காவ. கண்ணக் கட்டிட்டுக் கேக்கச் சொன்னா முக்காவாசிப் பேரு தோத்துப் போவாவ."

"அப்போ கண்ணக் கட்டு. பத்து நாளுக்குள்ள குடுத்தா திருப்பி எடுத்துப்போம்னு பில்லுல போட்டுகீது."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனை ஏற்பாடாயிற்று. பாண்டுரங்கன் உடனே சம்மதித்தான். தன் காது மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. இருந்ததற்குக் காரணமும் உண்டு.

வல்லம் வடகாலில் கார் கதவுத் தகடு அடிக்கிற கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அவனுக்கு இது பத்தொன்பதாவது வருடம். நானூறு டன் பிரஸ் தகட்டின் மேல் இறங்கும்போது தரையே அதிரும். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் இறங்கும். அந்த இரைச்சலுக்குள் அச்சு தேய்கிற சத்தத்தை, தகடு கிழியப்போகிற சத்தத்தைப் பாண்டுரங்கன் முன்கூட்டியே பிடித்துவிடுவான். "பாண்டு, அஞ்சாம் நம்பர் பிரஸ்ஸ கொஞ்சம் கேட்டுச் சொல்லு," என்று சூப்பர்வைசர் ராஜசேகர் அவனை லைன் விட்டு லைன் கூப்பிடுவார். காதில் அடைக்கக் கொடுத்த மஞ்சள் பஞ்சை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மெஷின் பக்கம் தலையைச் சாய்த்து நிற்பான். கழற்றிப் போடுவது வசதியாக இல்லை என்று ஒருநாள் அந்தப் பஞ்சைப் போடுவதையே விட்டுவிட்டான். யாரும் கேட்கவில்லை. 'காது பாண்டு' என்றுதான் அந்த ஷாப்பில் அவனுக்குப் பெயர். கொஞ்ச நாளாக ராஜசேகர் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. மெஷினில் சென்சார் வந்துவிட்டதால் என்று பாண்டுரங்கன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, செட்டுக்கு முன்னால் கயிறு கட்டி சசிகலாவின் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஸ்பீக்கர் மட்டும் வெளியே. புடவைக்கு அந்தப் பக்கம் நெல்லையப்பன். சசிகலா ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் கரண்டை நிறுத்தி, சூடு ஆறக் காத்திருந்து, துணியால் பிடித்து வால்வைக் கழற்றி மாட்ட வேண்டும். சில தடவை மாற்றினான், சில தடவை மாற்றுகிற மாதிரி பாவனை செய்து அதையே மாட்டினான்.

"தாளத்த மட்டும் கவனிங்க அண்ணாச்சி. ஜெர்மனா, சாதாவான்னு சொன்னாப் போதும்."

பத்து சுற்று போனது. ஒவ்வொரு சுற்றிலும் அதே பாட்டு. பாண்டுரங்கன் கண்ணை மூடி, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கேட்டான். "ஜெர்மன்," என்பான். கொஞ்சம் யோசித்து, "இல்ல, சாதா," என்பான். கடைசிச் சுற்று முடியும்போது மணி ஐந்தரை. பத்து தடவையும் கைத்தாளம் கணீர் கணீரென்று விழுந்து சசிகலாவுக்குத் தலை வலித்தது.

அவள் நோட்டைப் பார்த்து எண்ணினாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"நாலு! பத்துக்கு நாலு! காச சுண்டிப் பாத்து சொல்லியிருந்தாக்கூட இத வுட ஜாஸ்தி வந்துருக்கும். நாளிக்கே கடைக்குப் போய் குடுத்துட்டு வாங்க."

பாண்டுரங்கன் மறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெல்லையப்பனுக்குப் பாவமாக இருந்தது.

"பரவால்ல அண்ணாச்சி, இதுல யாரும் ஜெயிக்கமாட்டாவ. சும்மா கேக்கேன், எந்தச் சுத்துல ஒங்களுக்குத் தாளம் நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு?"

"எதுலயும் கேக்கலியே."

"எதுலயும்னா?"

"தாளமே கேக்கல நெல்லையப்பா. பாட்டு கேக்குது, மிருதங்கம் கேக்குது. தாளம் விழுற எடம் எனக்கு மனப்பாடம். அந்த எடத்துல ஒண்ணும் இல்ல. அது கேட்டா நான் இன்னாத்துக்கு முப்பத்தெட்டாயிரம் குடுக்கப் போறேன்?"

சசிகலாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் நெல்லையப்பனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு செஞ்சு பாப்பம் அண்ணாச்சி. வெறும் சத்தம்தான், பாட்டு இல்ல. கேக்கும்போது கையத் தூக்குங்க."

போனை செட்டோடு இணைத்தான். முதலில் தாழ்ந்த, உறுமுகிற மாதிரி ஒரு ஒலி. பாண்டுரங்கன் கையைத் தூக்கினான். அடுத்து சங்கு ஊதுகிற மாதிரி. தூக்கினான். அடுத்தது விசில். கொஞ்சம் தாமதித்துத் தூக்கினான். அதற்கு மேலே ஒன்று வந்தது, மெலிசாக, ஊசி மாதிரி. கை எழவில்லை. நெல்லையப்பன் சத்தத்தைக் கூட்டினான். எழவில்லை. இன்னும் கூட்டினான். கண்ணாடி அலமாரியின் கதவு அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

பாண்டுரங்கன் கையைத் தயாராகப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, பரீட்சையில் கேள்விக்காகக் காத்திருக்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் தற்செயலாகச் சசிகலா பக்கம் திரும்பினான். அவள் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் சசி காத மூடினுகீற?" என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள். நெல்லையப்பன் போனை அணைத்தான். அவள் மெதுவாகக் கைகளை இறக்கினாள்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டான் பாண்டுரங்கன்.

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான், மறுபடி அவள் கைகளைப் பார்த்தான். தூக்கி வைத்திருந்த தன் கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

மாடிப்படி ஏறப்போன நெல்லையப்பனைச் சசிகலா வாசலில் நிறுத்தினாள். அவன் கண் கலங்கியிருந்தது. "நான் இதச் செஞ்சிருக்கக் கூடாது மதினி. வால்வத் திருப்பிக் குடுக்க வைக்கணும்னு வெளையாட்டா ஆரம்பிச்சேன்."

"நீ இன்னா பண்ணுவ? நானும் அவரும் ஒரே வூட்லதான் கீறோம். எனக்குத் தெரியலியே."

அதுதான் அவளை அறுத்தது. எத்தனை வருடமாகச் சண்டை போட்டிருக்கிறாள். அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், அணைக்கமாட்டான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். கார்முகில் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இந்தா, உங்கம்மாகிட்ட பேசு," என்று கொடுத்துவிடுவான். அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று அந்தப் பெண் ஒருமுறை அழுதுவிட்டாள். "நான் கத்தினுகீறேன், உனக்கு இன்னா செவிடா?" என்று சசிகலா எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்கே இல்லை. அந்த வார்த்தையை அவள் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை, டாக்டரிடம் பேசும்போதுகூட.

காஞ்சிபுரத்தில் காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்துச் சோதித்தார். காகிதத்தில் அவன் காது கேட்கும் அளவு ஒரு கோடாக வந்தது. பாதிவரை நேராகப் போய், பிறகு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியது. காதுக்குள்ளே மயிரிழை மாதிரி நுணுக்கமாக இருப்பவை உதிர்ந்துவிட்டன, உதிர்ந்தது முளைக்காது என்றார் டாக்டர். மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. மீதி இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சத்தத்தை விட்டு வெளியே வரவேண்டும்.

"கம்பெனியில வருசா வருசம் டெஸ்ட் எடுப்பாங்களே. ஒண்ணும் சொல்லலியா?"

வருடத்துக்கு ஒரு தடவை வேன் வரும், ஹெட்போன் மாட்டுவார்கள், பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கடைசியில் 'ஃபிட்' என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். பாண்டுரங்கன் அந்தச் சீட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

மறுநாள் கம்பெனியின் முதலுதவி அறைக்குப் போய், நர்ஸ் மெர்சியிடம் தன் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டான். அவள் கம்ப்யூட்டரில் தேடி ஆறு வருடத்துக்கானதை அச்செடுத்துக் கொடுத்தாள். ஆறு தாளையும் மேஜை மேல் வரிசையாக வைத்தான். ஒவ்வொரு வருடமும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. யாரோ படிக்கட்டு வரைந்த மாதிரி.

"இது உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

மெர்சிக்கு அவன் வயதில் பாதிகூட இருக்காது. "நான் வந்து எட்டு மாசம்தான் சார் ஆவுது. வர்றத ஃபைல்ல போட்டு எச்.ஆர். ஆபீசுக்கு அனுப்பிடணும்னு சொல்லியிருக்காங்க," என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லும்படி கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. மன்னிப்பு கேட்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

விஷயம் பிரஸ் ஷாப்பில் பரவியது. அந்த வாரத்திலேயே இன்னும் பதினோரு பேர் தங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார்கள். ஏழு பேருடைய கோடு அதே மாதிரி விழுந்திருந்தது. கம்பெனி பெரிய காதுமூடிகள் வாங்கிப் போட்டது, சுவரில் ஒரு போர்டு மாட்டியது. நஷ்ட ஈடு பற்றிய மனு பாண்டுரங்கனையும் சேர்த்து எட்டுப் பேர் கையெழுத்தோடு போயிருக்கிறது. இதுவரை பதில் இல்லை.

பாண்டுரங்கனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். நட்டு, போல்ட்டுப் பெட்டிகளுக்கு நடுவே அமைதியான இடம். மாறிய இரண்டாவது வாரம் ராஜசேகர் வந்து நின்றார். புது ஆர்டர், தகடு தொடர்ந்து கிழிகிறது, காரணம் பிடிபடவில்லை. சென்சாரும் ஒன்றும் காட்டவில்லை. "பாண்டு, ஒரே ஒரு தடவ வந்து..." என்று ஆரம்பித்துவிட்டு, சொல்ல வந்தது என்னவென்று தனக்கே உறைத்த மாதிரி நிறுத்தினார். பாண்டுரங்கன் எழுந்து அவரோடு போனான். பிரஸ்ஸின் இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடிகள் இறங்கும்வரை நின்றான். ராஜசேகர் காத்திருந்தார்.

"தெரியல சார்," என்றான். பத்தொன்பது வருடத்தில் அவன் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

வால்வுகளைத் திருப்பிக் கொடுக்க ஏசுவடியான் கடைக்குப் போனபோது பத்து நாள் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. சசிகலாவும் கூட வந்தாள். பஸ்ஸில் அவள் மடியில் அந்தப் பெட்டி இருந்தது. ஏசுவடியானுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நடந்ததைச் சசிகலா சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தாம்மா சொன்னேன், வால்வுக்கு வயசாச்சின்னு. எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றது. ஒரு நாளாச்சும் உன் காதப் பாத்தியான்னு கேக்கத் தோணல எனக்கு."

"இதுல உண்மையிலேயே வித்தியாசம் இருக்குதா சார்?" என்று கேட்டாள் சசிகலா.

அவர் ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இருக்குதுன்னு சொல்றவங்களுக்கு இருக்குது. நல்ல பொருள், நல்லா செஞ்சிருக்கான், இன்னும் இருவது வருசம் உழைக்கும். ஆனா இந்த வெலை சத்தத்துக்கு இல்லம்மா. இனிமே கெடைக்காதுன்றதுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கே இப்போ வித்தியாசம் ஒண்ணும் தெரியறது இல்ல," என்றார்.

முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். கெடு தாண்டியதைப் பற்றிப் பேசவில்லை. மகளுக்கு லேப்டாப் வந்தது. மிச்சத்தோடு கொஞ்சம் சேர்த்துப் பாண்டுரங்கனுக்குக் காது மெஷின் ஒன்றும் வந்தது.

மெஷின் மாட்டிய முதல் நாள் கார்முகிலோடு போனில் அரை மணி நேரம் பேசினான். அவள் சிரித்தது கேட்டது என்று சசிகலாவிடம் வந்து சொன்னான். அடுத்த நாள் கேசட்டைப் போட்டான். சசிகலா கதவோரம் நின்று பார்த்தாள். பாட்டு தொடங்கி, தாளம் விழுந்ததும் அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஆனால் அவன் முகம் மலரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். மெஷினைத் திருகிப் பார்த்தான், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். பாட்டு முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

"கேக்குதா?" என்றாள்.

"இன்னாமோ கேக்குது. தகர டப்பாவுல கரண்டியால தட்டுறாப்ல." மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "இது சக்தி இல்ல சசி."

அதற்குப் பிறகு பேச்சுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டான். கேசட்டைத் தொடவில்லை. ஒரு மாதம் போல செட்டின் மேல் தூசி படிந்து கிடந்தது. சசிகலாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்த பஜனையை அவள் ஒருநாளும் விரும்பிக் கேட்டதில்லை. கொழுந்தன் இருந்தவரை அவனோடு பத்து வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டாள். அவன் செத்த பிறகு தன் கணவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கேசட் எடுத்துக்கொண்டுபோகிறது என்றுதான் அவளுக்கு ஒரு எண்ணம். ஆனாலும் ஒரு சனிக்கிழமை மாலை அவளே செட்டைத் துடைத்து, கரண்ட் போட்டு, கேசட்டை உள்ளே தள்ளினாள். அவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். தானும் ஒரு முக்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத்தான் கேக்காதே," என்றான்.

"எனக்குக் கேக்கும். நான் சொல்றேன்."

பாட்டு ஓடியது. அவள் அதற்கு முன் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. "இப்போ போட ஆரம்பிச்சான்," என்றாள். "மெதுவாப் போடுறான். இப்போ ஜாஸ்தியாச்சு."

"ம்."

"இப்போ வுட்டுட்டான். ஆர்மோனியம் மட்டும் போவுது. இப்போ மறுபடியும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சில இடங்களில் அவள் சொல்வதற்கு முன்பே ஆட்டினான். இரண்டாவது பாட்டின் நடுவில் அவள், "இங்க ரெண்டு கிண்ணத்தயும் தட்டாம ஒண்ணோட ஒண்ணு தேச்சி வுடுறான், நீளமா. அழகா கீது," என்றாள்.

அவன் தலை ஆடுவது நின்றது.

"தேச்சி வுடுறானா?"

"ஆமா. மூணு வாட்டி."

"எந்த எடத்துல?"

அவள் டேப்பைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி போட்டாள். அது வரும்போது அவன் கையைத் தொட்டுக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எங்கோ உள்ளே போய்த் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இருபது வருடமாக அவனுக்கு மனப்பாடமான கேசட்.

"எனக்கு ஞாபகம் இல்லியே சசி," என்றான். "அவன் அப்டி தேச்சது எனக்கு ஞாபகமே இல்லியே."

அவள் டேப்பைப் பின்னால் ஓட்டினாள். அந்த இடம் வந்தபோது மறுபடி அவன் கையைத் தொட்டாள்.